சர்வரில் படம் ஓடுமா?

'சர்வர்' என்ற சொல்லைக் கேட்டதும் நம் வயதினருக்கு நாகேஷும் 1964-ல் வந்த 'சர்வர் சுந்தரம்' படமும்தான் முதலில் நினைவுக்கு வரும். கம்ப்யூட்டர் உலகிலும் சர்வருக்கு ஏறக்குறைய அதே வேலைதான்: கேட்பவருக்குக் கேட்டதைக் கொண்டுவந்து வைப்பது. வங்கியில் உங்கள் கணக்கைக் காட்டுவதும், ரயில் முன்பதிவில் இடம் இருக்கிறதா என்று சொல்வதும் எங்கோ ஓர் அறையில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களே. பந்தி பரிமாறுகிறவர் இலை போட்டு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை அல்லவா? சர்வரும் அப்படித்தான். ஒரு வீடியோவை ஆயிரம் பேருக்கு அனுப்பிவைக்கும். தான் உட்கார்ந்து பார்ப்பதில்லை.

இந்த சர்வர் இப்போது நம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. தில்லி நேரு பிளேசில் அலுவலகங்கள் கழித்த கம்ப்யூட்டர்களை வாங்கிவரும் அன்பர்கள் சிலருக்கு, அதில் விண்டோஸ் 10, 11-க்குப் பதிலாக 'விண்டோஸ் சர்வர்' என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் இருப்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது. வேறு சிலருக்கு, மென்பொருள் துறையில் இருக்கும் பிள்ளை தான் பழகிய மெஷினை அப்பாவிடம் விட்டுவிட்டு வெளிநாடு போயிருப்பான். கடிதம் எழுதலாம், கணக்குப் போடலாம், மின்னஞ்சல் பார்க்கலாம்; ஒரு குறையும் தெரியாது. பேத்தியின் அரங்கேற்ற வீடியோ வந்து சேரும் அன்றுதான் தகராறு ஆரம்பமாகும். படம் வரும், ஒலி வராது. அல்லது ஒலி வரும், திரை கறுப்பாக இருக்கும். அல்லது இரண்டும் வந்து, நொண்டி நொண்டி ஓடும்.

உடனே மூன்று யோசனைகள் காதில் விழும். 'ஃபைல் கெட்டுவிட்டது, அழித்துவிடுங்கள்' என்பது ஒன்று. 'நெட்டில் ஏதோ கோடெக் கிடைக்கிறதாம், இறக்கிப் போடுங்கள்' என்பது இரண்டாவது. 'இந்த மெஷின் ஆகாது, புதிது வாங்குங்கள்' என்பது மூன்றாவது. பெரும்பாலான சமயங்களில் மூன்றுமே தேவையற்றவை. முதல் இரண்டும் ஆபத்தானவையும்கூட. ஏன் என்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்லன். டிப்ளமா முடித்து, ரயில்வேயின் சிக்னல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். சிக்னல் விளக்கு எரியவில்லை என்றால் நாங்கள் விளக்கை உடைத்துப் பார்ப்பதில்லை. பேட்டரி, ஃபியூஸ், ரிலே, கேபிள், கடைசியாக பல்பு என்று வரிசையாகச் சோதிப்போம். அந்தப் பழக்கம் இங்கேயும் அப்படியே உதவுகிறது.

கூட்ஸ் யார்டும் பாசஞ்சர் ஸ்டேஷனும்

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். சர்வர் சிஸ்டம் என்பது வேறு ஜாதி அல்ல. 2008-ல் வந்த விண்டோஸ் சர்வர், விஸ்டாவின் உடன்பிறப்பு. 2008 ஆர்2 என்பது விண்டோஸ் 7-இன் இரட்டைப் பிள்ளை. 2012 சர்வர் விண்டோஸ் 8-ஐயும், 2012 ஆர்2 விண்டோஸ் 8.1-ஐயும், 2016, 2019 சர்வர்கள் விண்டோஸ் 10-ஐயும் ஒட்டியவை. அடித்தளம் ஒன்றே.

கூட்ஸ் யார்டையும் பாசஞ்சர் ஸ்டேஷனையும் எண்ணிப் பாருங்கள். தண்டவாளம் ஒன்று, கேஜ் ஒன்று, சிக்னல் விதிகளும் ஒன்று. ஆனால் யார்டில் பிளாட்பாரம் இல்லை, வெயிட்டிங் ரூம் இல்லை, அறிவிப்பு சொல்லும் ஒலிபெருக்கி இல்லை, டீக்கடை இல்லை. பாசஞ்சர் வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்த முடியும். இறங்கத்தான் வசதி இல்லை. இது யார்டைக் கட்டியவர் மறந்து விட்டது அல்ல, வேண்டாம் என்று விட்டது.

சர்வரிலும் அவ்வாறே. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வசதியும் கம்ப்யூட்டருக்கு ஒரு கதவு. கதவு கூடினால் பூட்டும் கூட வேண்டும். எந்தக் கதவில் ஓட்டை விழுந்தாலும் திருடன் நுழையலாம். பாட்டுக் கேட்கும் வசதி வங்கி சர்வருக்கு எதற்கு? ஆகவே ஒலி, பட வசதிகளில் சிலவற்றை ஓட்டாமல் வைத்திருக்கிறார்கள். சிலவற்றை நிறுவாமலே விட்டிருக்கிறார்கள். நமக்கு வேண்டியவை எவையோ, அந்தக் கதவுகளை மட்டும் திறந்துகொண்டால் போதும்.

வேகனும் சரக்கும்

இரண்டாவதாக, வீடியோ ஃபைல் என்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். இது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இன்றைய சாதாரண டிவித் திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். பெருக்கினால் சுமார் 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள். ஒவ்வொன்றின் நிறத்தையும் குறிக்க 3 பைட் என்று வைத்தால், ஒரே ஒரு நிழற்படத்துக்கு 62 லட்சம் பைட் ஆகிறது. நொடிக்கு 25 படங்கள் வீதம் பார்த்தால் நொடிக்கு 15 கோடியே 55 லட்சம் பைட். இரண்டரை மணி நேர சினிமா ஒன்றை அப்படியே எழுதிவைத்தால் ஏறத்தாழ 1.4 டெராபைட் ஆகும். ஆனால் நம் கைக்கு வரும் அதே அளவு சினிமா நாலைந்து ஜிகாபைட்டில் அடங்கிவிடுகிறது. ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்கு!

இது எப்படி சாத்தியம்? நாட்டிய மேடையை நினைத்துக்கொள்ளுங்கள். பின்திரை அசைவதில்லை, குத்துவிளக்கு அசைவதில்லை. ஆடுகிற பெண் மட்டுமே அசைகிறாள். எனவே முழுப் படம் ஒன்றை எழுதிவிட்டு, அடுத்தடுத்த படங்களில் எது மாறியதோ அதை மட்டும் எழுதினால் போதும். சற்று நேரம் கழித்து மறுபடி ஒரு முழுப் படம், பிறகு மீண்டும் மாற்றங்கள் மட்டும். இவ்வாறு சுருக்குவதற்கும், பார்க்கும்போது விரிப்பதற்கும் உள்ள முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். டிவிடியில் பயன்படுவது எம்பெக்-2. 2003-ல் வந்தது எச்.264. 2013-ல் வந்தது எச்.265, இது இன்னும் இறுக்கமாகச் சுருக்கும், அதனால் விரிக்கவும் அதிக உழைப்பு வேண்டும்.

எம்பி4, எம்கேவி, ஏவிஐ என்று ஃபைல் பெயரின் வாலில் இருப்பது கோடெக்கின் பெயர் அல்ல. அது வேகனின் பெயர். படம் ஒரு மூட்டை, ஒலி ஒரு மூட்டை, வசன எழுத்துகள் ஒரு மூட்டை என்று ஒரே வேகனில் ஏற்றியிருக்கிறது. ஒரே மாதிரி இரண்டு மூடிய வேகன்களில் ஒன்றில் கோதுமையும் மற்றொன்றில் சிமெண்டும் இருக்கலாம் அல்லவா? அதுபோல இரண்டு எம்பி4 ஃபைல்களில் ஒன்றில் எச்.264-ம் மற்றதில் எச்.265-ம் இருக்கும். ஒன்று ஓடி மற்றது ஓடாமல் போவது இதனால்தான். 'அதுவும் எம்பி4, இதுவும் எம்பி4, இது மட்டும் ஓடவில்லை. ஆகவே இது கெட்டுவிட்டது' என்ற முடிவு எவ்வளவு அவசரமானது என்று இப்போது விளங்கும்.

ஐபோன்கள் 2017 முதல் எச்.265-இல் பதிவு செய்து வருகின்றன. வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் வீடியோக்களில் ஒலி மட்டும் கேட்டுப் படம் தெரியாமல் போவதற்கு அடிக்கடி இதுவே காரணம். சாதாரண விண்டோஸ் 10, 11-இல் அதற்கான விரிப்பானை மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து வாங்கிக்கொள்ளலாம். 2016, 2019, 2022 சர்வர்களில் அந்த ஸ்டோரே கிடையாது. யார்டில் டீக்கடை இல்லை என்றேனே, அதுதான்.

சோதிக்க வேண்டிய வரிசை

இனி வரிசையாகச் சோதிப்போம்.

முதலில் மேசைத்திரை. சர்வர் சிஸ்டத்தில் 'கோர்' என்று ஒரு வகை உண்டு. அதில் கறுப்புப் பெட்டியில் எழுத்துகள் மட்டுமே. ஐகான், மெனு ஏதுமில்லை. 2016 முதல், நிறுவும்போதே 'டெஸ்க்டாப் எக்ஸ்பீரியன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். பின்னால் மாற்ற இயலாது, மறுபடி நிறுவத்தான் வேண்டும். 2008, 2012 போன்ற பழையவற்றில் இதே பெயரில் ஓர் இணைப்பை 'சர்வர் மேனேஜர்' மூலம் பிறகும் சேர்த்துக்கொள்ளலாம். அதைச் சேர்க்கும்வரை விண்டோஸ் மீடியா பிளேயர்கூட இருக்காது.

இரண்டாவது ஒலி. ஸ்பீக்கர் ஐகான் மேல் சிவப்புப் பெருக்கல் குறி தெரிந்தால் பயப்பட வேண்டாம். 'சர்வீசஸ்' என்ற பட்டியலைத் திறந்து 'விண்டோஸ் ஆடியோ' என்ற வரியைத் தேடுங்கள். சர்வரில் இது 'மேனுவல்' என்ற நிலையில், ஓடாமல் இருக்கும். அதை 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றி, 'ஸ்டார்ட்' கொடுங்கள். அதன் அருகிலேயே 'விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயிண்ட் பில்டர்' என்று ஒன்று இருக்கும். அதையும் அவ்வாறே செய்யுங்கள். 2003 சர்வரில் இந்த ஒலிச் சேவை முற்றிலும் முடக்கப்பட்டிருந்தது. இப்போது அந்த அளவு கண்டிப்பு இல்லை.

அதன் பிறகும் ஒலி இல்லை என்றால் மெஷினின் பின்புறம் பாருங்கள். சர்வருக்கென்றே தயாரான போர்டுகள் பலவற்றில் ஸ்பீக்கர் சொருகும் துளையே இருக்காது. யுஎஸ்பி-யில் செருகும் சிறிய ஒலி அடாப்டர் ஒன்று வாங்கினால் தீர்ந்தது. எச்டிஎம்ஐ கேபிள் போட்டிருப்பவர்கள், ஒலி மானிட்டருக்குப் போகிறதா, ஸ்பீக்கருக்குப் போகிறதா என்றும் கவனிக்க வேண்டும். ஸ்பீக்கர் இல்லாத மானிட்டருக்கு ஒலியை அனுப்பிவிட்டுக் காது கொடுத்துக் காத்திருந்து பயனில்லை.

மூன்றாவது, மீடியா ஃபவுண்டேஷன். விண்டோசில் படமும் ஒலியும் செல்லும் பொதுப் பாதை இது. சர்வரில் பல சமயம் இது நிறுவப்பட்டிருக்காது. 'எம்எஃப்பிளாட் என்ற ஃபைல் இல்லை' என்று ஏதாவது ஒரு மென்பொருள் முறையிட்டால் இதுதான் பொருள். சர்வர் மேனேஜரில் 'ஆட் ரோல்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்' என்பதைத் திறந்து, பட்டியலில் 'மீடியா ஃபவுண்டேஷன்' என்பதில் டிக் அடித்து, மெஷினை ஒரு முறை அணைத்துப் போட்டால் போதும். இல்லாத அந்த ஃபைலை மட்டும் இணையத்தில் தேடி எடுத்து ஒட்டவைப்பது கூடாத காரியம். கம்பியில்லா இணையம் வேலை செய்யாதவர்கள் 2022 வரையிலான சர்வர்களில் அதே பட்டியலில் 'வயர்லெஸ் லேன்' என்பதையும் சேர்க்க வேண்டும்.

நான்காவது, பிளேயர். விஎல்சி என்ற பிளேயரை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் உண்டு. அது விண்டோசிடம் விரிப்பான் இருக்கிறதா என்று கேட்பதில்லை, எம்பெக்-2, எச்.264, எச்.265 எல்லாவற்றுக்குமான விரிப்பான்களைத் தன்னோடு மூட்டை கட்டிக்கொண்டே வருகிறது. 1996-ல் பாரிஸ் அருகே ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்களின் முயற்சியாகத் தொடங்கியது. 2001-ல் பொது உரிமத்தில் வெளியாயிற்று. இன்றும் இலவசம். சாலையில் வைக்கும் ஆரஞ்சு நிறக் கூம்புதான் அதன் சின்னம். இதைப் போட்டவுடன் எச்.265 தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். வேகனுக்குள் என்ன சரக்கு என்று பார்க்கவும் வசதி உண்டு: படம் ஓடும்போது 'டூல்ஸ்' மெனுவில் 'கோடெக் இன்ஃபர்மேஷன்' என்பதைத் திறந்தால் எல்லாம் எழுதியிருக்கும்.

ஐந்தாவது, படச் சிப்பும் அதன் டிரைவரும். படம் நொண்டினால் 'டாஸ்க் மேனேஜர்' திறந்து, பிராசஸர் எவ்வளவு உழைக்கிறது என்று பாருங்கள். நூறு சதவீதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் காரணம் புலப்பட்டுவிட்டது. இன்றைய படச் சிப்களில் வீடியோவை விரிக்கவே தனியாக ஒரு பகுதி உண்டு. இன்டெல்லைப் பொறுத்தவரை 2015-ல் வந்த ஆறாம் தலைமுறையிலிருந்து சாதாரண எச்.265-ஐயும் அந்தப் பகுதியே விரித்துவிடும். ஆனால் சரியான டிரைவர் இல்லாவிட்டால் விண்டோஸ் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்ற பொது டிரைவரை வைத்து ஒப்பேற்றும். அப்போது விரிக்கும் வேலை முழுவதும் பிராசஸர் தலையில் விழும். சிப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து உரிய டிரைவரைப் போடுவதே வழி. ஜியான் வகைப் பிராசஸர்கள் பலவற்றில் படச் சிப்பே கிடையாது. அந்த மெஷின்களில் நிர்வாகத்துக்கென வைத்த சிறிய சிப் ஒன்றுதான் திரையைக் காட்டும். சினிமா அதன் வேலையன்று. பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைச் செருக இடமிருந்தால் அதுவே மலிவான தீர்வு.

ஆறாவது, முன்னுரிமை. இது பலரும் கவனிக்காத இடம். பிராசஸர் ஒவ்வொரு வேலைக்கும் சிறிது சிறிதாக நேரம் ஒதுக்குகிறது. வீட்டு விண்டோசில் ஒரு வேலைக்கு இரண்டு கடிகாரத் துடிப்புகள், சர்வரில் பன்னிரண்டு. ஒரு துடிப்பு சுமார் 15.6 மில்லி நொடி என்றால், சர்வரில் ஒரு வேலை பிடித்த இடத்தை விட 187 மில்லி நொடி ஆகலாம். கூட்ஸ் வண்டிக்கு இது நல்ல ஏற்பாடு. நடுவில் நிறுத்தாமல் ஓடும். ஆனால் நொடிக்கு 25 படம் என்றால் 40 மில்லி நொடிக்கு ஒரு படம் வந்தாக வேண்டும். லூப் லைனில் நிற்கும் பாசஞ்சர் வண்டிபோல நான்கு படங்கள் அங்கேயே காத்துக் கிடக்கும். திரையில் படம் துள்ளும். பல கோர் உள்ள புதிய பிராசஸர்களில் இது கண்ணுக்குத் தெரியாது. இரண்டே கோர் உள்ள பழைய மெஷினில், பின்னணியில் வேறு வேலைகள் ஓடும்போது தெரியும். 'சிஸ்டம் ப்ராபர்டீஸ்' திறந்து, 'அட்வான்ஸ்டு' பகுதியில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்பதன் உள்ளே போனால் 'பேக்கிரவுண்ட் சர்வீசஸ்' என்று இருக்கும். அதை 'புரோகிராம்ஸ்' என்று மாற்றுங்கள். காசு செலவில்லாத வைத்தியம்.

ஒரு மணி நேரத்தில் அணைந்தால்

சில அன்பர்கள் விசித்திரமான ஒரு குறை சொல்வதுண்டு. படம் நன்றாக ஓடுகிறது. இடைவேளை வருவதற்குள் மெஷினே தானாக அணைந்துவிடுகிறது. மறுபடி போட்டால் மறுபடி ஒரு மணி நேரம். சூடாகிறதோ, மின்சாரக் கோளாறோ என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

திரையின் வலது கீழ் மூலையைப் பாருங்கள். 'இவால்யூவேஷன்' என்ற சொல் இருந்தால் அது 180 நாட்களுக்கான சோதனைப் பிரதி. கெடு முடிந்ததும் மணிக்கு ஒரு முறை தானாக அணையும்படி அதை அமைத்திருக்கிறார்கள். வீடியோவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மின்விசிறியை மாற்றியும் பயனில்லை. முறையான உரிமம் வேண்டும், அல்லது வேறு சிஸ்டம் போட வேண்டும். பழைய மெஷின் வாங்குகிறவர்கள் கடையிலேயே இந்த மூலையைப் பார்த்துவிட்டு விலை பேசுவது நல்லது.

பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவரை என்பதையும் அப்போதே கேளுங்கள். 2012, 2012 ஆர்2 சர்வர்களுக்கான வழக்கமான ஆதரவு 2023 அக்டோபர் 10-உடன் நின்றுவிட்டது. 2016-க்குக் கெடு 2027 ஜனவரி 12. 2019-க்கு 2029 ஜனவரி 9. 2022-க்கு 2031 அக்டோபர் 14.

தெரியாத இடத்தில் இறக்க வேண்டாம்

'இந்த வீடியோவைக் காண ஒரு கோடெக் தேவை, இங்கே அழுத்தவும்' என்று திரையில் வந்தால் அழுத்தாதீர்கள். 2005-ன் இறுதியில் தலைகாட்டிய ஸ்லாப் என்ற நச்சு மென்பொருள் பரவியது இந்த வேடத்தில்தான். படம் பார்க்கும் ஆவலில் வீட்டுச் சாவியை நாமே கொடுத்துவிடுகிறோம். சர்வரில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். காரணம், சர்வரைப் போட்டவுடன் நாம் நுழைவது 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற முழு அதிகாரத்தோடு. ஸ்டேஷன் மாஸ்டர் அறைச் சாவிக் கொத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போவது போன்றது அது. அன்றாட உபயோகத்துக்கு அதிகாரம் குறைந்த ஒரு சாதாரணக் கணக்கை உண்டாக்கிக்கொண்டு அதில் படம் பாருங்கள். பென்ஷன் கணக்குப் பார்க்கும் மெஷினும் அதுதான் என்றால் இதைத் தள்ளிப் போடவே கூடாது.

விஎல்சி-யையும் அதன் சொந்தத் தளமான வீடியோலேன் தளத்திலிருந்தே இறக்க வேண்டும். 2022-ல் பல மாதங்கள் இந்தியாவில் அந்தத் தளம் முடக்கப்பட்டிருந்தது. சட்டப்படி விளக்கம் கேட்ட பிறகு அவ்வாண்டு நவம்பரில் தடை நீங்கியது. அந்த நாட்களில் வேறு வேறு இடங்களிலிருந்து எடுத்துவைத்த பழைய பிரதிகள் யாரிடமாவது இருந்தால் அவற்றை நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

கெடாத ஃபைலுக்குக் கொள்ளி வைக்க இருந்த கதை

இவ்வளவு விரிவாக எழுதக் காரணம், நம் சங்கத்திலேயே நடந்த ஒன்று. 1990-களில் நடந்த பொங்கல் விழா, பாரதி விழா நிகழ்ச்சிகளின் விஎச்எஸ் கேசட்டுகளைச் சில ஆண்டுகளுக்கு முன் டிஜிட்டலாக மாற்றி, சங்க அலுவலகக் கம்ப்யூட்டரில் சேமித்து வைத்தார்கள். கேசட்டுகளில் பூஞ்சை பிடித்திருந்ததால் அவற்றைக் கழித்துவிட்டார்கள். ஆக, ஃபைல் மட்டுமே மிச்சம். பின்னர் அதே கம்ப்யூட்டரில் உறுப்பினர் பட்டியலையும் நூலகப் பட்டியலையும் எல்லோரும் பார்க்கும்படி வைப்பதற்காக சர்வர் சிஸ்டத்தை நிறுவினார்கள். அன்றிலிருந்து வீடியோக்கள் திறக்கவில்லை. பார்க்க வந்த தொழில்நுட்ப நண்பர், 'எல்லாம் கரப்ட் ஆகிவிட்டது, அழித்தால் டிஸ்கில் இடமாவது மிஞ்சும்' என்று சொல்லிவிட்டார்.

செயற்குழுவில் இந்த யோசனை வந்தபோது, ஒரு வாரம் தவணை கேட்டேன். ஃபைல்களின் அளவு குறையவில்லை. ஒவ்வொன்றும் ஜிகாபைட் கணக்கில் அப்படியே இருந்தது. உள்ளே இருந்தது எம்பெக்-2. டிவிடி பார்க்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2012-ல் வந்த விண்டோஸ் 8-லிருந்தே விட்டுவிட்டது. அதன் வழியில் வந்த சர்வர்களிலும் இல்லை. விஎல்சி-யைப் போட்டு, ஒலிச் சேவையையும் ஓடவிட்டதும் அத்தனையும் ஓடின.

ஒரே குறை, ஆட்கள் நகரும்போது உருவத்தின் ஓரங்களில் சீப்புப் பற்கள் போலக் கோடுகள் தெரிந்தன. அதுவும் பழுதல்ல. நம் நாட்டு பழைய டிவி முறையான பால் முறையில் 625 வரிகள். அவற்றில் படம் 576. ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் ஒரு முறை என்று நொடிக்கு 50 அரைப்படங்களாக அனுப்புவார்கள். கம்ப்யூட்டர் திரை இரண்டு அரைப்படங்களையும் ஒன்றாகக் காட்டுவதால் இந்தப் பற்கள் தெரிகின்றன. விஎல்சி-யின் 'வீடியோ' மெனுவில் 'டீஇன்டர்லேஸ்' என்பதை இயக்கியதும் மறைந்துவிட்டன.

அந்தப் பதிவுகளில் பேசியவர்கள், பாடியவர்கள் பலர் இன்று நம்மிடையே இல்லை. அவர்களுடைய குரலுக்கு வேறு பிரதி கிடையாது. இப்போது இரண்டு தனித்தனி டிஸ்குகளில் நகல் எடுத்து, இரண்டு உறுப்பினர்கள் வீட்டில் வைத்திருக்கிறோம்.

ஃபைல் உண்மையிலேயே கெடுவதும் உண்டு. அளவு பூஜ்யம் என்று காட்டினால் உள்ளே ஒன்றுமில்லை. நகல் எடுக்கும்போது பாதியில் நின்றிருந்தால் மூலத்தின் அளவோடு ஒப்பிட்டாலே தெரியும். எஃப்ஏடி32 முறையில் அமைத்த பென்டிரைவில் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரே ஃபைலை எழுத முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். இவை எதுவும் இல்லையென்றால் அதே ஃபைலை வேறொரு கம்ப்யூட்டரிலோ கைபேசியிலோ விஎல்சி-யில் ஓட்டிப் பாருங்கள். அங்கே ஓடினால் குற்றம் ஃபைலில் இல்லை.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

லினக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்கும் இதே தொல்லை வரும், காரணம் வேறு. எச்.264, எச்.265 முறைகளுக்குக் காப்புரிமைகள் உண்டு. எனவே ரெட் ஹாட் போன்ற நிறுவனங்கள் அவற்றின் விரிப்பான்களைத் தங்கள் சிஸ்டத்தோடு தருவதில்லை. ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற தனிக் கிடங்கிலிருந்து சேர்த்துக்கொள்ள வேண்டும். ரெட் ஹாட்டின் இலவச வடிவமாகப் பலரும் வைத்திருந்த சென்ட்ஓஎஸ் 8, 2021 டிசம்பர் 31-உடனும், சென்ட்ஓஎஸ் 7, 2024 ஜூன் 30-உடனும் முடிந்துவிட்டன. அவற்றை இன்னும் ஓட்டுகிறவர்கள் ராக்கி, ஆல்மா ஆகியவற்றில் ஒன்றுக்கு மாறுவது நல்லது. டெபியனில் இந்த விரிப்பான்கள் அதன் சொந்தக் கிடங்கிலேயே கிடைக்கின்றன.

ஆக, சர்வரில் படம் ஓடும். மேசைத்திரை, ஒலிச் சேவை, மீடியா ஃபவுண்டேஷன், பிளேயர், டிரைவர், முன்னுரிமை என்ற வரிசையில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரே சமயத்தில் இரண்டை மாற்றாதீர்கள். மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போகும். ஒவ்வொரு மாற்றத்தையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பின்னால் வேண்டாமென்றால் திருப்பி வைக்க உதவும். மற்ற கதவுகள் மூடியே இருக்கட்டும்.

இதற்கு மேலும் சந்தேகம் உள்ள அன்பர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை சங்க நூலகத்தில் என்னைச் சந்திக்கலாம். ஓடாத ஃபைலை ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து வாருங்கள். அதுவரை எதையும் அழித்துவிட வேண்டாம்.